வேறு வகையில் விலக்குப் பெறாதவர்

மைதானத்தில் புல் வெட்டிச் சம்பளம் வாங்குவதால் ஒருவர், காசுக்கு ஆடாதவர் என்ற தம் அமெச்சூர் தகுதியை இழந்துவிடுவதில்லை. பணம் வாங்கிக்கொண்டு ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்தால் இழப்பார். கோல்ஃப் ஆட்டத்தின் அமெச்சூர் விதிகளில் நமக்கு வேண்டிய பகுதியைச் சுருக்கினால் இவ்வளவுதான் வரும். சுரங்கக் கம்பெனியில், ஊழியர் விவகாரம் பார்க்கும் பர்சனல் துறையில் வேலைக்காலம் முழுவதும் விதிகளைச் சுருக்கிக் கோப்பின் ஓரத்தில் எழுதியவன் நான். பொருளில் பிசகு இல்லை என்று உறுதி சொல்ல முடியும். இந்த விதி யாருக்குப் பொருந்தியிருக்க வேண்டுமோ அவரைப் பற்றித்தான் எழுதுகிறேன். பெயரை விட்டுவிடுகிறேன். அவர் சம்பந்தப்பட்ட எல்லாத் தாள்களிலும் பெயர் சரியாகவே இருந்தது. அதனால் அவருக்கு ஒரு பயனும் ஏற்படவில்லை.

நான் கோல்ஃப் ஆடுபவன் அல்ல. நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு கிளப்பில் உறுப்பினராக இருந்தேன். அங்கே ஆங்கிலப் பேப்பர் கசங்காமல் கிடைக்கும், காபிக்குச் சர்க்கரை தனியாக வரும். கிளப்புக்குப் பின்னால் ஒன்பது குழி கொண்ட ஒரு மைதானம் இருந்தது. கோல்ஃப் மைதானம் என்றதும் வெளியூர்க்காரர்கள் பச்சைக் கம்பளத்தை நினைத்துக்கொள்வார்கள். எங்களுடையதில் ஒரு பக்கம் முந்திரி, மறு பக்கம் வேலிகாத்தான். காற்று அனல்மின் நிலையப் பக்கமிருந்து திரும்பினால் வெள்ளைப் பந்து மூன்றாவது குழிக்குப் போவதற்குள் சாம்பல் நிறமாகிவிடும். குழியைச் சுற்றி மெத்தைப் புல் வளர்க்கத் தண்ணீர் கட்டுப்படியாகாது என்று எண்ணெய் கலந்த மணலைப் பரப்பியிருந்தார்கள். அதற்குப் பெயர் பிரவுன். உலகம் கிரீனில் பந்தை உருட்டியது. நெய்வேலி பிரவுனில் உருட்டியது.

கிளப்பின் பராமரிப்பை எடுத்திருந்த கான்ட்ராக்டரின் ஆளாக அவர் அங்கே புல் வெட்ட வந்தார். சொந்த ஊர் கம்மாபுரம் பக்கம். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்து, அப்ரன்டிஸும் முடித்து, அந்தப் பக்கத்து ஆட்கள் எல்லோரையும் போல 'பர்மனென்ட்' என்ற சொல்லுக்காகக் காத்திருந்தவர். மெலிந்த உடம்பு, நீண்ட கைகள். எதையாவது படிக்கும்போது தலையைச் சாய்த்து, எழுத்துகளுக்குப் பின்னால் யாரோ ஒளிந்திருப்பதைப் போலப் பார்ப்பார்.

அவர் வலது கைக்காரர். சாப்பிடுவதும் எழுதுவதும் வலது கையால். கோல்ஃப் மட்டும் இடக்கை ஆட்டம். மாற்றலாகிப் போன இடக்கை அதிகாரி ஒருவர் தன் மட்டைகளைக் கிளப் ஸ்டோரில் விட்டுவிட்டுப் போயிருந்தார். யாருக்கும் உதவாத செட் என்று அது மூலையில் கிடந்தது. ஓராண்டு யாரும் கேட்காத பொருளைக் கிளப்பில் வேலை செய்பவருக்குக் கொடுக்கலாம் என்று துணைவிதியில் ஒரு வரி உண்டு. ஸ்டோர் கதவின் உட்புறம் ஒட்டி, பாதி கரையான் தின்ற அந்தத் துணைவிதியை முழுதாகப் படித்த ஒரே மனிதர் அவர்தான். நான்கூடப் படித்ததில்லை. மட்டைகள் கைக்கு வந்த பிறகு, அந்த மட்டைகளுக்கு ஏற்றபடி தன் உடம்பைத் திருப்பிக்கொண்டார்.

அவரைப் பற்றிச் சொல்ல இருப்பது இந்த ஒரு குணம்தான். எந்த விதியைக் காட்டினாலும் அதற்குள் தனக்கு ஓர் இடம் இருக்கிறதா என்று பார்ப்பார். பெரும்பாலும் கண்டுபிடித்துவிடுவார். நான் விதிகளைப் படித்தது ஆட்களை வெளியே நிறுத்துவதற்கு. அவர் படித்தது உள்ளே போவதற்கு. ஒருமுறை இதைக் கொஞ்சம் கிண்டலாகவே அவரிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

"ரூல் போட்டவன் நம்மள நெனச்சிகினு போடலைங்க சார். ஆனா நம்மள வேணாம்னு சொல்லிகினும் போடல. அந்த இடுக்குல நாம பூந்துக்கலாம்."

ஆடத் தொடங்கியதும் அப்படித்தான். நால்வர் ஆட்டத்தில் ஓர் ஆள் குறைந்தால் ஊழியர் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று அதே கதவில் இருந்தது. அதிகாரிகளுக்கு ஷிப்ட், இன்ஸ்பெக்‌ஷன், மாமனார் வருகை என்று ஏதாவது வந்துகொண்டே இருக்கும். ஆள் குறையாத வாரம் குறைவு. முதலில் முகம் சுளித்தவர்கள் பிறகு அவரைத் தங்கள் பக்கம் இழுக்கச் சண்டை போட்டார்கள். பிறகு, தோற்றுக்கொண்டே இருக்கப் பிடிக்காமல், ஆள் குறைந்தாலும் மூன்று பேராகவே ஆடினார்கள். அவர் தனியாக ஆடினார். புல் வெட்டியாக வேண்டிய இடத்தில் புல் வெட்டுபவர் நிற்பதை எந்த விதியும் தடுக்கவில்லை.

பெரிய போட்டிகளைப் பற்றி எனக்குச் சொன்னது அவர்தான். ஒரு நாள் பேப்பரும் கையுமாகப் பின் வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். மெஷினை நிறுத்திவிட்டு வந்து, செல்போனை என்னிடம் நீட்டி, 'நாட் அதர்வைஸ் எக்ஸம்ப்ட்' என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டார். வேறு வகையில் விலக்குப் பெறாதவர் என்றேன். எதிலிருந்து விலக்கு என்று நான் கேட்டேன். அன்று மாட்டிக்கொண்டவன்தான்.

கோல்ஃப் உலகத்தில் ஆண்டுக்கு நான்கு பெரிய போட்டிகள் நடக்கின்றன. அவற்றில் ஆட வேண்டும் என்றால் நன்றாக ஆடினால் மட்டும் போதாது. ஏதாவது ஒரு வகைக்குள் வர வேண்டும். முன்பு வென்றவர்கள் ஒரு வகை. அவர்களில் சிலருக்கு ஆயுள் முழுக்க அழைப்பு உண்டு, சிலருக்கு ஒரு வயது வரை, சிலருக்குச் சில ஆண்டுகள் வரை. மற்ற மூன்று பெரிய போட்டிகளில் ஒன்றை அண்மையில் வென்றவர்கள் இன்னொரு வகை. உலகத் தரவரிசையில் முதல் ஐம்பதுக்குள் இருப்பவர்கள், போன ஆண்டு முன்னணியில் முடித்தவர்கள், குறிப்பிட்ட சில சுற்றுப்போட்டிகளில் வென்றவர்கள், பெரிய அமெச்சூர் பட்டங்களை வென்றவர்கள் என்று பட்டியல் நீளும். இவர்களுக்கெல்லாம் தகுதிச் சுற்று ஆடுவதிலிருந்து விலக்கு. விலக்குக் கிடைக்காதவர்கள் தகுதிச் சுற்றுகளில் மோதிக்கொண்டு, மிச்சமிருக்கும் சில இடங்களைப் பிடிக்க வேண்டும். பணிமூப்புப் பட்டியல் தயாரித்தே கண் கெட்டவன் நான். இவ்வளவு சுத்தமான பட்டியலை எங்கள் துறையில் பார்த்ததில்லை. ஒருவரையும் அவமானப்படுத்தாமல் உலகத்தையே வெளியே நிறுத்தியிருந்தார்கள்.

அவர் அந்தப் பட்டியலை எங்கள் ஊர்ப் பாஷைக்கு மாற்றினார். ஆயுள் அழைப்பு பர்மனென்ட். தரவரிசை சீனியாரிட்டி. தகுதிச் சுற்று கான்ட்ராக்ட். எல்லாம் சொல்லிவிட்டு ஒரு சந்தேகம் கேட்டார்.

"சார், கருணை அடிப்படைன்னு ஒண்ணு இதுல காணோமே. சாம்பியன் செத்துட்டா அவரு புள்ளைக்குக் குடுக்க மாட்டாங்களா?"

"மாட்டாங்க."

"அப்ப நம்ம ஊரு ரூலே தேவலைங்க," என்று சொல்லிவிட்டு மெஷினைக் கிளப்பப் போனார்.

அவருடைய மனைவி மெயின் பஜாரில் ஒரு தையல் கடையில் வேலை செய்தார். வெடுக்கென்று பேசுபவர். என் மனைவியின் ரவிக்கையைக் கொடுக்கப் போனபோது, கணவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். "லண்டன் போறாரு சார். ஊரு பூரா புல்லு வெட்டறாரு, வூட்டுக்குப் பின்னாடி முள்ளு வெட்ட ஆளு இல்ல," என்றார். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்த அம்மாளும் சிரித்தார். ஆனால் கையில் இருந்த துணியை மடித்து வைத்துவிட்டு, அது நடக்கிற காரியமா என்று என்னிடம் தணிந்த குரலில் கேட்டார். விதிப்படி நடக்கலாம் என்றேன். நான் கொடுக்கும் பதில்கள் எப்போதும் அந்த வகையைச் சேர்ந்தவை.

அவருடைய குணம் அவருக்குப் பெற்றுக்கொடுத்த இன்னொரு வெற்றியையும் சொல்லிவிட வேண்டும். கான்ட்ராக்டருக்கும் கிளப்புக்கும் இருந்த ஒப்பந்தத்தில், புல் வெட்டுவது பயிற்சி தேவைப்படாத வேலை. கூலியும் அதற்கேற்றபடி கீழ்நிலை. அவர் ஒப்பந்தத்தின் இணைப்பை எங்கிருந்தோ வாங்கிப் படித்துவிட்டார். அதில் 'ஸ்கில்டு' என்ற தலைப்பின் கீழ் ஒரே ஓர் இடம்: கோல்ஃப் பயிற்றுநர். எந்தக் காலத்திலோ யாரோ ஆசைப்பட்டுச் சேர்த்து, ஆள் போடாமலே காலியாகக் கிடந்தது. தன்னை அந்த இடத்தில் காட்டும்படி கான்ட்ராக்டரிடம் கேட்டார். கான்ட்ராக்டருக்கும் கமிஷன் கூடும் என்பதால் மறுக்கவில்லை. கிளப் செயலாளர் பில்லில் கையெழுத்துப் போட்டார். புது கேட் பாஸ் வந்தது. பெயர், புகைப்படம், அதன் கீழே 'கோல்ஃப் பயிற்றுநர்'. யாருக்கும் அவர் ஒரு பந்துகூடச் சொல்லிக்கொடுத்ததில்லை. அதே மெஷின், அதே புல். ஸ்கில்டு என்று எழுத்தில் வந்துவிட்டால் நாளைக்கு எதற்காவது கணக்கில் வரும் என்று சொல்லி எனக்கு ஒரு பொட்டலம் அல்வா வாங்கிவந்து கொடுத்தார். கேட் பாஸ் அச்சாகி, லேமினேஷனும் ஆன பிறகுதான் அதைப் பார்த்தேன். பார்த்ததும் எனக்கு எதுவும் தோன்றவில்லை. எங்கள் ஊரில் தாளில் ஒரு வேலையும் தரையில் ஒரு வேலையும் பார்ப்பது செய்தியே அல்ல.

அதற்கு அடுத்த ஆண்டு, மலைமேல் இருக்கும் ஒரு ஊரில் தென்மாநில அமெச்சூர் போட்டி நடந்தது. ஆட்டத் திறனை எண்ணில் காட்டும் ஹேண்டிகேப் சான்றிதழ் இருக்கும் எவரும் விண்ணப்பிக்கலாம் என்று இருந்தது. மட்டைப் பையை பஸ் கூரையில் போட மனமில்லாமல் மடியில் வைத்துக்கொண்டே போனார். அங்கே மழை. கிரீன்கள் ஊறிப்போய்ப் பந்து நின்றுவிட்டது. மற்றவர்கள் மணல்குழிகளைக் கண்டு நடுங்கினார்கள். ஆடிய நாளெல்லாம் மணலில் உருட்டியவருக்கு மணல்குழி தண்டனையாகவே தெரியவில்லை. வென்றுவிட்டார். பெரிய கிளப்புகளில் வளர்ந்த பையன்களும் அவர்களுடைய அப்பாக்களும் இந்த இடக்கை மனிதர் யார் என்று விசாரித்தார்களாம். மேடையில் கோப்பையைக் கொடுத்ததும் அவர் அதைக் கீழே வைத்துவிட்டு, போட்டி அறிவிக்கையின் கடைசிப் பக்கத்தைக் காட்டி, இந்த வரி தனக்கு உண்டா என்று கேட்டிருக்கிறார். உண்டு என்றார்கள்.

அந்த வரி இதுதான். இதை வென்றவருக்கு, அடுத்த குளிர்காலத்தில் வடக்கே நடக்கும் ஒரு பெரிய தொழில்முறைப் போட்டியில் தகுதிச் சுற்று இல்லாமல் நேரடி இடம். ஆட்டம் தொடங்கும் நாளிலும் அவர் அமெச்சூராகவே இருக்க வேண்டும். அந்த வடக்குப் போட்டியில் முன்னணியில் முடிப்பவர்களில், வேறு வகையில் விலக்குப் பெறாத முதல் மூவருக்கு, ஜூலை மூன்றாம் வாரத்து வியாழக்கிழமை பிரிட்டனில் தொடங்கும் பெரிய போட்டியில் இடம். முதல் மூவர் என்றால் முதல் மூன்று இடம் அல்ல. மேலே இருப்பவர்கள் ஏற்கெனவே விலக்குப் பெற்றவர்களாக இருந்தால் கணக்கு கீழே இறங்கிவரும். எட்டாவதாக முடித்தவர்கூடப் போகலாம்.

"எட்டாவதா வர்றதுக்கு நான் என்னா பெரிய ஆளா இருக்கணுமா சார்? எட்டாவது ஆளா இருந்தா போதும்ங்க," என்றார்.

அந்த ஒரு மாதத்தில்தான் அவரை முழு மகிழ்ச்சியோடு பார்த்தேன். கிளப்பில் கேக் வெட்டினார்கள். மூன்று பேராக ஆடியவர்கள் மறுபடியும் நான்காவது ஆளுக்காக அவரைக் கூப்பிட்டார்கள்.

விண்ணப்பத்தை மெயின் பஜார் ஜெராக்ஸ் கடையிலிருந்து மின்னஞ்சலில் அனுப்பினார். அவர்கள் கேட்டது வெற்றிச் சான்றிதழ், ஹேண்டிகேப் சான்றிதழ், கையெழுத்திட்ட படிவம். அவர் அனுப்பியது அந்த மூன்றும், கூடவே கேட் பாஸ் நகலும்.

யாரும் கேட்கவில்லை. ஆனால் நெய்வேலியில் வாழ்ந்தவர்களுக்கு அதைப் புரியவைக்கத் தேவையில்லை. கேஸ் இணைப்புக்கு கேட் பாஸ் நகல். பள்ளிக்கூடத்துக்கு, ஆஸ்பத்திரிக்கு, கல்யாண மண்டபத்துக்கு, நூலகத்துக்கு கேட் பாஸ் நகல். ஜெராக்ஸ் கடைக்காரர் நாம் சொல்வதற்கு முன்பே இணைத்துவிடுவார். ஒரு மனிதன் யார் என்பதற்கு எங்கள் ஊர் நம்பும் சாட்சி அதுதான். நம்மைத் தெரியாத ஊருக்கு விண்ணப்பம் போகும்போது, நம்மைத் தெரிந்த தாள் ஒன்று கூடவே போக வேண்டாமா? பெருமையாகத்தான் வைத்திருக்கிறார்.

பதில் இரண்டு வாரத்தில் வந்தது. நிராகரிப்புகள் எப்போதும் வேகமாக வரும். விண்ணப்பதாரர் கோல்ஃப் பயிற்றுநராகப் பணிபுரிவதாக அவரே இணைத்துள்ள ஆவணம் காட்டுகிறது. ஆகவே அவர் அமெச்சூர் அல்ல. அமெச்சூர் வகையில் வழங்கிய விலக்கு செல்லாது. இதில் மாறுபட்டால் அமெச்சூர் தகுதியைத் தீர்மானிக்கும் குழுவுக்கு முறையிடலாம்.

அவர் அதை என் வீட்டுக்குக் கொண்டுவந்தார். நான் ஓய்வு பெற்றுக் குவார்ட்டர்ஸைக் காலி செய்து, டவுன்ஷிப் ஆர்ச்சுக்கு வெளியே வீடு கட்டிக் குடிவந்திருந்த நேரம். கலங்கியிருப்பார் என்று நினைத்தேன். இல்லை. செருப்பைக் கழற்றும்போதே, ரூல் நம்ம பக்கம்தான் இருக்கிறது என்று தொடங்கினார். கற்றுக்கொடுத்தால்தானே தப்பு, நான் கற்றுக்கொடுக்கவே இல்லையே. முறையாகச் சொல்லிவிட்டால் முடிந்தது.

அவர் சொன்னது சரி. நான் முறையீட்டை எழுதினேன். என் வேலைக்காலத்தில் ஒரு விண்ணப்பத்தையும் இவ்வளவு கவனமாக எழுதியதில்லை. மற்றவர்கள் எழுதியதில் ஓட்டை தேடத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். என் மின்னஞ்சல் முகவரியையே தொடர்பு முகவரியாகப் போட்டேன். ஒரே ஓர் இணைப்பு பாக்கி. அவர் பயிற்சி அளித்ததில்லை என்று வேலை கொடுத்தவர் தரும் சான்று.

கான்ட்ராக்டரைப் பார்க்க இரண்டு பேரும் போனோம். நல்ல மனிதர். டீ சொன்னார். விஷயத்தைக் கேட்டதும் நிஜமாகவே வருத்தப்பட்டார். பிறகு அவரைப் பார்த்துச் சொன்னார்:

"தம்பி, நீ ஒருத்தனுக்கும் கத்துக்குடுத்தது இல்ல. எனக்குத் தெரியும், சாருக்குத் தெரியும், மைதானத்துல மேயுற மாட்டுக்குத் தெரியும். ஆனா அதை நான் எழுதிக் குடுத்தா, இத்தினி நாளா போட்ட பில்லு என்னா ஆவுறது? உன் கையிலதானே கூலி வாங்கினே, நீ என்னா ஆவுறது?"

கிளப் செயலாளர் இன்னும் கண்ணியமாகச் சொன்னார். மைதானத்தில் அவர் புல் வெட்டுவதை நேரில் பார்த்திருப்பதாகவும், ஆனால் பயிற்றுநர் என்று சான்றளித்த பில்லில் தாம் கையெழுத்திட்டிருப்பதால், தாம் பார்த்தது ஆவணங்களுக்கு முரணாக இருக்கிறது என்றும் விளக்கினார். இந்த வாக்கியத்தை நான் பாராட்டியே ஆக வேண்டும். துறையில் இருந்தபோது எனக்கே இப்படி ஒன்று தோன்றியதில்லை.

வீடு திரும்பும் வழியில் அவருக்கு விஷயத்தைச் சொன்னேன். உண்மையைச் சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் விலக்கு போகும். சான்று இல்லாமல், அவர் தன் கையெழுத்தில் ஓர் உறுதிமொழியைத் தரலாம். குழு அதை ஏற்கலாம், ஏற்காமலும் போகலாம். ஆனால் சரிபார்க்கக் கிளப்புக்கு எழுதுவார்கள். எழுதினால் இங்கே எல்லோருக்கும் தெரியும்.

அவர் மதகுக் கட்டையில் உட்கார்ந்தார். கம்பெனி பஸ் ஒன்று ஷிப்ட் முடிந்த ஆட்களோடு போயிற்று.

"எழுதிடுங்க சார். நான் வெட்டினது புல்லுதானே."

குழு கிளப்புக்கு எழுதியது. கிளப் அதைக் கான்ட்ராக்டருக்கு அனுப்பியது. கான்ட்ராக்டர் பதில் எழுதவில்லை. ஆனால் அடுத்த ஒப்பந்தப் புதுப்பிப்பில் ஆட்கள் பட்டியலில் அவர் பெயர் இல்லை. கேட் பாஸைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். வடக்குப் போட்டி அவரில்லாமல் நடந்தது. வேறு வகையில் விலக்குப் பெறாத முதல் மூவர் யார் யார் என்று செல்போனில் பார்த்து எனக்குச் சொன்னார். மூன்றாவது ஆள் நம்மால் முடியாத ஆள் இல்லை என்றார். குரலில் வருத்தத்தைவிட ஒரு தொழில்காரனின் மதிப்பீடு அதிகமாக இருந்தது. பிறகு சுரங்கப் பக்கம் ஒரு ஒப்பந்த வேலை கிடைத்து ஷிப்டில் போய்வந்தார். மைதானத்துக்குள் போக அவருக்கு இப்போது எந்தத் துணைவிதியும் இல்லை. வீட்டுக்குப் பின்னால் முள்ளை வெட்டிவிட்டு, அந்தச் சிறு இடத்தில் பந்து அடித்தார். அவர் மனைவியின் நெடுநாள் குறை அப்படித் தீர்ந்தது.

குழுவிடமிருந்து 'பரிசீலனையில் உள்ளது' என்று ஒருமுறை வந்தது. பிறகு எதுவும் இல்லை. நான் நினைவூட்டல் அனுப்பினேன். நினைவூட்டலுக்கு நினைவூட்டல் அனுப்பினேன். அவர் இரண்டு சீசன் காத்திருந்தார். பெரிய போட்டிகளின் விலக்குப் பட்டியல் ஒவ்வோர் ஆண்டும் வெளிவந்ததும் வீட்டுக்கு வந்து, எந்த வகை மாறியிருக்கிறது, எந்த இடம் கூடியிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போவார்.

மூன்றாவது ஆண்டு, தொழில்முறை ஆட்டக்காரராகவே பதிந்துகொள்ளப் போவதாகச் சொன்னார். அமெச்சூர் என்று நிரூபிக்க ஊரே கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. தொழில்முறை ஆவதற்குப் படிவத்தின் ஒரு கட்டத்தில் டிக் அடித்தால் போதும். அந்த டிக்கை அடித்தால், இவ்வளவு நாள் காத்திருந்த முறையீடு அன்றோடு பொருளற்றுப் போகும் என்று சொன்னேன். பொய்யாக இருந்ததை உண்மையாக்கிவிடுவீர்கள் என்று சொன்னேன்.

"தெரியும்ங்க. வெளியிலயே நின்னுகினு இருந்தா காலு வலிக்குதுங்க சார்."

தொழில்முறை ஆட்டக்காரருக்கு உள்ள வழியையும் விளக்கி வைத்தேன். பெரிய போட்டிக்கு விலக்கு வேண்டுமானால் தரவரிசை வேண்டும். தரவரிசைக்குப் புள்ளிகள் வேண்டும். புள்ளிகளுக்குச் சுற்றுப்போட்டிகளில் ஆட வேண்டும். சுற்றுப்போட்டிகளில் ஆட, அங்கே தகுதிச் சுற்றில் தேற வேண்டும், அல்லது அங்கும் விலக்கு வேண்டும். முன் அனுபவம் உள்ளவர்கள் மட்டும் விண்ணப்பிக்கவும் என்ற விளம்பரத்தைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அப்படியென்றால் கீழே இருந்து ஒரு வழி இருக்கிறது என்றார்.

தகுதிச் சுற்று நடந்த ஊரில் வெயில். கிரீன்கள் கண்ணாடி மாதிரி. பிரவுனில் அடித்துப் பழகிய கைக்குப் பந்து நிற்கவில்லை. குழியைத் தாண்டி ஓடிக்கொண்டே இருந்ததாம். இரண்டாம் கட்டத்துக்குப் போகவில்லை. அடுத்த ஆண்டும் போனார். அதற்கடுத்த ஆண்டு போகவில்லை.

வளைகுடா நாடு ஒன்றில் வேலை கிடைத்துப் போனார். கோல்ஃப் மைதானத்தில் புல் வெட்டும் வேலை. உலகத் தரவரிசையின் முதல் ஐம்பதுக்குள் இருப்பவர்கள் வந்து ஆடும் மைதானம். போய்ச் சேர்ந்த முதல் மாதமே குரல்செய்தி அனுப்பினார். "சார், உள்ள வந்துட்டேன்ங்க," என்று சிரித்தார். கிரீன் அங்கே நிஜமான கிரீன். காலையில் இவர்கள் வெட்டி, பனி துடைத்து, ஆட்டக்காரர்கள் வருவதற்குள் வெளியேறிவிட வேண்டும். ஆண்டுக்கு ஒரு நாள் ஊழியர்களும் ஆடலாம் என்று அவர்கள் கையேட்டில் இருப்பதைக் கண்டுபிடித்திருக்கிறார். ஆனால் அன்றைக்கு இரவல் தரும் மட்டைகளில் இடக்கை மட்டை இல்லையாம். வலது பக்கம் திரும்பி நின்று பழக ஆரம்பித்திருக்கிறேன் என்றார்.

அதன் பிறகு செய்திகள் குறைந்தன. அவரைக் கடைசியாக நேரில் பார்த்தது வளைகுடாவுக்குக் கிளம்பியபோது வடலூர் பஸ் நிறுத்தத்தில்தான். மட்டைகளை எடுத்துப் போகவில்லை. விமானத்தில் கூடுதல் எடை.

குழுவின் முடிவு என் மின்னஞ்சலுக்கு வந்தது. தாமதத்துக்கு வருத்தம் தெரிவித்திருந்தார்கள். கிடைத்த ஆதாரங்களின்படி விண்ணப்பதாரர் பயிற்சி அளித்ததாகக் காட்ட எதுவும் இல்லை. மைதானப் பராமரிப்புப் பணி அமெச்சூர் தகுதியைப் பாதிக்காது. ஆகவே அவர் அந்தத் தகுதியை எந்தக் காலத்திலும் இழக்கவில்லை. குறிப்பிட்ட ஆண்டுக்கு அவருக்கு வழங்கிய விலக்கு செல்லுபடியானது. அந்த ஆண்டின் போட்டி நிறைவடைந்துவிட்டபடியால் இதில் மேல்நடவடிக்கை இல்லை. இடைப்பட்ட காலத்தில் அவர் தொழில்முறை ஆட்டக்காரராகப் பதிந்திருந்தால், அந்தத் தேதியிலிருந்து இந்த முடிவு பொருந்தாது. நான் எழுதிய முறையீட்டின் மூன்றாம் பத்தியை அப்படியே எடுத்தாண்டிருந்தார்கள்.

தையல் கடைக்குப் போனேன். அந்த அம்மாள் மெஷினை நிறுத்தவில்லை. நான் சொல்லச் சொல்லத் தைத்துக்கொண்டே கேட்டார். ரூல் அவர் பக்கம்தான் இருந்திருக்கிறது என்று அவருக்கு இன்றைக்கே அனுப்பிவிடட்டுமா என்று கேட்டேன். அப்போதுதான் மெஷின் மிதியிலிருந்து காலை எடுத்தார்.

"வேணாம் சார். இப்பதான் நாலு மாசமா அந்தப் பேச்சு இல்லாம பேசுறாரு. இதை அனுப்பினீங்கன்னா, இதுலயும் ஒரு வழி இருக்குதுன்னு கண்டுபுடிப்பாரு."

அனுப்பவில்லை. அச்செடுத்து, கோப்பில் வைத்து, பழக்கத்தில் மூலையில் எழுதினேன்: பெறப்பட்டது, ஜூலை பதினேழு, வியாழக்கிழமை.